புகைந்த கூரைகள்

மழை வலுத்தால் அந்தத் தெருவின் பள்ளமான முனையிலிருந்த மேன்ஹோல் மூடி தானாகவே எழும்பிவிடும். பாதாளச் சாக்கடை பொங்கி, பக்கத்திலிருந்த குழந்தைகள் காப்பகத்துக்குள் புகுந்து, அங்கிருந்து வழிந்து ஆற்றில் கலக்கும். காப்பகம் நடத்தும் டீச்சர் ஒவ்வொரு தடவையும் பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துத் தேய்த்து அலுத்துப்போய், கடைசியில் வடிகால் பிரிவுப் பொறியாளரின் மேசை முன்னால் வந்து நின்றுவிட்டார்.

பொறியாளருக்குத் தெரிந்த தெருதான். அவளுடைய அக்கா வாழ்க்கைப்பட்ட இடம்.

"அடைப்பு எதுவும் இல்ல மேடம். குழாய் சுத்தமாத்தான் இருக்கு," என்றார் குழாயைச் சோதித்துவிட்டு வந்த மேஸ்திரி. அப்படியென்றால் மழைத்தண்ணீர் எங்கேயோ திருட்டுத்தனமாக உள்ளே இறங்குகிறது. குழாய்க்குள் புகை விட்டு, அது எந்த வழியாக வெளியே வருகிறது என்று பார்த்துவிட முடிவெடுத்தாள்.

வீடு வீடாகச் சொல்லிவைத்துவிட்டு, வெயிலடித்த ஒரு காலையில் மேன்ஹோலுக்குள் புகையைச் செலுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மாடிகள் புகைய ஆரம்பித்தன. மாடியில் விழும் மழைத்தண்ணீரைச் சாக்கடையில் சேர்த்துவிட்டவர்களின் குழாய்களிலெல்லாம் வெள்ளைப் புகை. எல்லாவற்றையும்விட அதிகமாகப் புகைந்தது அத்தானின் மரச்சாமான் கிடங்கு.

சொன்னதெல்லாம் மறந்துபோய் அக்கா அலறிக்கொண்டு வெளியே ஓடிவந்தாள். "ஐயோ, தீ! எல்லாம் போச்சே!"

"தீ இல்லக்கா. உங்க கூரைத் தண்ணி சாக்கடைக்குள்ள போகுது. அதான்."

பின்னாலேயே வந்த அத்தானுக்குச் சுர்ரென்று ஏறியது. "போனா என்ன? வானத்துத் தண்ணிதானே? நானா அசிங்கத்தக் கலந்தேன்?"

"அசிங்கம் போறதுக்குன்னு போட்ட குழாய் அத்தான். அவ்வளவு பெரிய கூரைத் தண்ணி உள்ள இறங்கினா, அது வெளிய வராம என்ன செய்யும்?"

"இத்தன வீடு இருக்க, உனக்கு என் கழுத்துதான் கெடச்சுதா?"

"நம்ம வீட்ட விட்டுட்டு அடுத்தவங்க வீட்டுக் கதவ எந்த மூஞ்சியோட தட்டுறது?"

கூரைக் குழாயைச் சாக்கடையிலிருந்து துண்டிக்கச் சொல்லும் நோட்டீஸில் முதலில் அத்தான் பெயரை எழுதி, கையெழுத்தும் போட்டாள். அக்கா அவளோடு பேசுவதையே நிறுத்திக்கொண்டாள். அத்தான் நோட்டீஸை மடித்து, ஆடிக்கொண்டிருந்த நாற்காலிக் காலுக்கு முட்டுக்கொடுத்தார்.

அடுத்த மழைக்கு மறுபடியும் மூடி எழும்பியது. அவள் அத்தானுக்குப் போன் செய்தாள். "நோட்டீஸ விடுங்க அத்தான். காப்பகத்துல பிள்ளைங்கள வெளிய தூக்கணும், ஆள் பத்தல. வாங்க."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். கணுக்கால் வரை கறுப்புத் தண்ணீர். மேசைகளின் மேல் நின்றிருந்த குழந்தைகளை ஒவ்வொன்றாகத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே கொண்டுவந்தார். கடைசிக் குழந்தையை அவரிடம் கொடுத்தபோது டீச்சர் பெருமூச்சுவிட்டார். "எந்தப் புண்ணியவான் வீட்டுக் கூரைத் தண்ணியோ!"

அத்தான் குழந்தையை இறக்கிவிடாமலே நின்றார். "என்னோடதுதான் டீச்சர்," என்றார்.

மறுநாள் அவரே ஆள் வைத்து, சாக்கடைக்குப் போன கூரைக் குழாயை வெட்டினார். கிடங்குக்குப் பின்னால் குழி தோண்டி, ஜல்லி நிரப்பி, கூரைத் தண்ணீரை அதற்குள் இறக்கினார். புகைந்த மற்ற வீடுகளுக்கும் அவளோடு நடந்தார். சிலர் ஒத்துக்கொண்டார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். சாத்திய கதவுகளை அவள் திரும்பத் திரும்பப் போய்த் தட்டினாள். கடைசியில் ஒரே ஒரு வீடு மட்டும் மசியவில்லை.

அடுத்த பெருமழையில் மேன்ஹோலுக்குப் பக்கத்திலேயே நின்றாள். உள்ளே தண்ணீர் களகளவென்று மூடிக்கு அடிவரை ஏறியது. மூடி லேசாக அதிர்ந்தது. பிறகு அடங்கிவிட்டது. காப்பகத் தரை காய்ந்தே இருந்தது.

அப்போது மேஸ்திரியிடமிருந்து போன். பக்கத்துத் தெருவில் சாக்கடை பொங்கி ஆற்றுக்குப் போகிறதாம்.

தன் வீட்டு வாசலில் நின்ற அக்கா, இத்தனை நாள் கழித்து வாயைத் திறந்தாள். "இப்படியா நனையறது? உள்ள வந்து தலையத் துவட்டு."

"வரேன்க்கா. அந்தத் தெருவ ஒரு பார்வை பார்த்துட்டு வந்துடறேன்."

"பிடிவாதம் புடிச்சவ," என்று சொல்லிவிட்டு, அக்கா குடையை விரித்துக்கொண்டு தானும் கூட நடந்தாள்.