‘வை நொட்’ மாப்பிள்ளை

ஒலிபெருக்கி வீறிட்டது.

கூரையில் இருந்த காகங்கள் கலைந்து பறந்தன. மணப்பெண் ஸஃப்னாவுக்கு அலங்காரம் செய்துகொண்டிருந்தவளின் கை சறுக்கி, கண்மை கன்னம்வரை ஓடியது. வீறிடல் ஓய்ந்ததும் ஒரு குரல் கனைத்துக்கொண்டு வந்தது.

“ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங். வன், டூ, த்ரீ.”

சவுண்ட்காரர் தன் வீட்டில் தேங்காய் எண்ணும்போது ஒண்டு, ரெண்டு என்றுதான் எண்ணுவார். மைக்கைக் கண்டால் மட்டும் அவருக்கு எண்கள் ஆங்கிலத்தில்தான் வரும்.

ஸஃப்னா கன்னத்து மையைத் துடைத்துக்கொண்டாள். அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. கரைத்தீவிலிருந்து புத்தளம்வரை எல்லாரும் இப்படித்தானே! மழைக்கு முன் கூரைத் தண்ணீர் வழியப் பீலி போட்டுத் தருவதாகச் சொன்ன மேசன் பாஸ் ‘டோன்ட் வொறி’ என்றார். மழை வந்தது, போனது, பீலி வரவில்லை. கந்தோரில் இருக்கும் கிளார்க்கர் ‘கம் டுமொறோ’ என்பார். அவருடைய நாளை எந்தக் கலண்டரிலும் இல்லை. மையித்து வீட்டுக்குத் துக்கம் விசாரிக்க வந்தவர்கள்கூட ‘ஸோ ஸேட்’ என்று சொல்லிவிட்டுக் கைபேசியைப் பார்க்கிறார்கள். தமிழில் சொன்னால் சொன்னபடி நடக்க வேண்டியிருக்கும். ஆங்கிலத்தில் சொன்னால் மரியாதையாகவும் இருக்கும், பொறுப்பும் இருக்காது. இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

ஆனால் ஸஃப்னா வேலை பார்க்கும் இடத்தில் அந்த வசதி கிடையாது. முந்தலில் ஓர் இறால் பண்ணையில் தண்ணீரையும் இறாலையும் பரிசோதிப்பது அவள் வேலை. இறாலின் ஓட்டில் வெள்ளைப்புள்ளி தெரிந்தால் உடனே சொல்ல வேண்டும். ‘லெட்ஸ் ஸீ’ என்று இருந்தால் விடியும்போது குளத்து இறால் முழுவதும் கரையொதுங்கிக் கிடக்கும். அவள் கண்ணுக்கு எதுவும் தப்பாது என்பதால், அடுத்த மாதத்திலிருந்து பரிசோதனைக்கூடத்தை அவளிடமே ஒப்படைக்கப்போவதாகப் பண்ணைக்காரர் சொல்லியிருந்தார். கல்யாண லீவு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை அவள் முந்தலுக்குப் பஸ் ஏறுவாளா, மாட்டாளா என்பதுதான் அவளுக்கு இன்னும் விடை தெரியாத ஒரே கேள்வி.

கேட்காமலும் இல்லை. பெண் பார்க்க வந்த அன்றே கேட்டாள்.

அன்று மாப்பிள்ளை முபாரிஸ் கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தான். புத்தளம் டவுனில் ஒரு தனியார் கம்பனியில் கஸ்டமர் கெயார் பிரிவில் வேலை. முறைப்பாட்டோடு வருகிறவர்களைச் சிரித்த முகத்தோடு, எதுவும் செய்யாமல், திருப்பி அனுப்புவதில் அவனை மிஞ்ச அங்கே ஆளில்லை என்று பேர். அவனுடைய தாய் கைருன்னிஸா சோபாவில் பாதியை நிரப்பிக்கொண்டு, “எங்களுக்கு நோ டிமாண்ட்ஸ். உங்கட புள்ளைக்கு நீங்க எது குடுத்தாலும் வெரி ஹெப்பி,” என்று தொடங்கினாள். அந்த வெரி ஹெப்பிக்குள் ஒரு ஃபிரிட்ஜ், ஒரு சோபா செட், கண்ணாடி வைத்த அலுமாரி எல்லாம் அடங்கியிருந்தன என்பது போகப்போகத்தான் தெரிந்தது.

தேத்தண்ணி கொடுத்த கையோடு ஸஃப்னா கேட்டாள்.

“கலியாணத்துக்குப் பொறகும் நான் வேலைக்குப் போகலாமா?”

வாப்பா அத்தாஉல்லாவுக்கு வியர்த்துவிட்டது. உம்மா சபூரா கதவுச் சீலையைப் பிடித்துக்கொண்டாள். முபாரிஸ் மட்டும் பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

“வை நொட்?”

ஆஹா! வீடே குளிர்ந்துபோனது. அத்தாஉல்லா எழுந்துபோய் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர்கள் போனபிறகு மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தார்.

“கேட்டியா புள்ள? ‘வை நொட்’ எண்டா லேசான கதையில்ல. ஓமெண்டதுக்கும் மேல அது. படிச்ச பொடியன்!”

“ஓமெண்டா ஓமெண்டே சொல்லியிருக்கலாமே வாப்பா?”

“ஓமெண்டு ஆரும் சொல்லுவான். மீன் விக்கிறவனும் சொல்லுவான்.”

பேசிப் பயனில்லை என்று ஸஃப்னா மாப்பிள்ளையிடமே வாட்ஸ்அப்பில் கேட்டாள். முந்தலுக்கு ரெண்டு பஸ் மாறிப் போகவேணும், வீட்டில் ஒத்துக்கொள்ளுவாங்களா என்று கேட்டதற்கு, ‘டோன்ட் வொறி’ என்று வந்தது. மாமியிடம் சொல்லிட்டீங்களா என்றதற்கு, ‘லெட்ஸ் ஸீ.’ கடைசியில், முடிவாக ஒரு பதில் சொல்லுங்கோ என்று எழுதினாள். அதற்குப் பெருவிரலை உயர்த்திய ஒரு மஞ்சள் கை வந்தது. பக்கத்திலேயே ஒரு பூங்கொத்து.

அவளும் ஒன்றும் குறைந்தவளல்ல. ‘கலியாணத்துக்குச் சம்மதம்தானே மகள்?’ என்று வாப்பா கேட்டபோது, ஓமென்று சொல்ல வாய் வராமல், இல்லையென்று சொல்லத் துணிவு வராமல், ‘ஓகே வாப்பா’ என்றாள். அந்த ஓகேயை வைத்துத்தான் மண்டபமில்லாமல் பள்ளிவாசலிலேயே நிக்காஹ், வீட்டிலே சாப்பாடு, இரண்டு கிடாய் என்று எல்லாம் ஏற்பாடாகியிருந்தது.

இப்போது வெளியே வேன்கள் வரிசையாக ஹோர்ன் அடித்துக்கொண்டு வந்து நின்றன. மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் கூட்டம் உள்ளே வந்தது. கைருன்னிஸா மணப்பெண்ணுக்குப் பக்கத்துக் கதிரையில் அமர்ந்து, அவளுடைய கன்னத்தைத் தட்டினாள்.

“ஸோ ஸ்வீட்! இந்தக் கையாலயா இறால் பிடிச்சிக்கிட்டுத் திரிஞ்ச? இனி பொத்திப் பொத்தி வெச்சிக்கொள்ளுவம்.”

 ‘இனி’ என்ற அந்தச் சொல் சுத்தமான தமிழில் வந்திருந்தது.

பள்ளிவாசலுக்கும் வீட்டுக்கும் நடுவில் ஒரு மதில்தான். நிக்காஹ் நடக்குமுன் பெண்ணின் சம்மதத்தைக் கேட்டுவருவது வழக்கம் என்பதால், நிக்காஹ் நடத்தும் ஹஸரத் இரண்டு சாட்சிகளோடு அந்த மதிலைச் சுற்றிக்கொண்டு வந்தார். முன்னால் அத்தாஉல்லா புதுச் சாரம் சரசரக்க நடந்துவந்தார். அறை வாசலில் சீலை தொங்கியது. ஹஸரத் சீலைக்கு வெளியே நின்று, பெயரைச் சொல்லி, மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையைச் சொல்லிக் கேட்டார்.

“இந்த மாப்புள்ளைக்கு ஒங்களக் கலியாணம் முடிச்சுக் குடுக்க ஒங்களுக்குச் சம்மதமா?”

 இந்த இடத்தில் பெண்கள் பேசாமல் குனிந்திருப்பார்கள்; வெட்கம் என்று எல்லாரும் சந்தோஷப்பட்டு எழுந்துபோவார்கள். ஸஃப்னா குனிந்துதான் இருந்தாள். திங்கட்கிழமை நினைவுக்கு வந்தது. நிமிர்ந்தாள்.

“வை நொட்?”

பக்கத்தில் நின்ற, வாப்பாவின் தங்கை றஹ்மா மாமி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள். சீலைக்கு வெளியே ஒரு சாட்சி இருமினார்.

“என்ன புள்ள சொல்ற?” என்றார் ஹஸரத்.

“அது ஓமெண்டு அர்த்தம் ஹஸரத்!” என்று முந்திக்கொண்டார் அத்தாஉல்லா. “இங்கிலீஷ்ல சொல்றா. ஓமெண்டதுக்கும் மேல.”

“நீங்க சும்மா இரிங்க. ஒங்களயா கேட்டேன்? புள்ள, பேசாம இருந்திருந்தாலும் சம்மதமெண்டு எடுத்திருப்பேன். வாயத் தொறந்திட்டா தெளிவாச் சொல்லணும். சம்மதமா, இல்லையா?”

“லெட்ஸ் ஸீ, ஹஸரத்.”

“அல்லாஹ்வே!” என்று றஹ்மா மாமி மீண்டும் கிள்ளப் போனாள். ஸஃப்னா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஹஸரத்தின் குரலில் சூடு ஏறியது. “என்ன பகிடியா இது? நாளைக்கு ஆராவது வந்து கேட்டா, ‘லெட்ஸ் ஸீ’ எண்டு சொன்ன பொண்ண முடிச்சு வெச்சேன் எண்டு நான் சாட்சி சொல்ல ஏலுமா?”

“ஏலாதுதானே ஹஸரத்?” என்றாள் ஸஃப்னா. “எனக்கும் இதைத்தான் தந்தாங்க. கலியாணத்துக்குப் பொறகு நான் வேலைக்குப் போகலாமா எண்டு மாப்புள்ளைக்கிட்ட கேட்டன். ‘வை நொட்’ எண்டார். ‘டோன்ட் வொறி’ எண்டார். ‘லெட்ஸ் ஸீ’ எண்டார். அதை வெச்சுக்கொண்டு நான் மட்டும் எப்படி முடிவெடுக்கிற? அவர் தமிழ்ல ஒரு சொல்லுச் சொல்லட்டும். நானும் தமிழ்ல சொல்றன்.”

“சின்ன விஷயம்தானே, பொறகு பேசிக்கொள்ளலாம், இட்ஸ் ஓகே, இட்ஸ் ஓகே,” என்றாள் கைருன்னிஸா, தாலாட்டுவதுபோல.

“சின்ன விஷயமெண்டா இப்பவே முடிஞ்சிடும்,” என்றார் ஹஸரத். வெயிலில் மறுபடி மதிலைச் சுற்றி நடக்க வேண்டியிருக்கிறதே என்ற எரிச்சல் அவருக்கு. “வாங்க அத்தாஉல்லா. இதையும் கேட்டிட்டே வாறன்.”

செருப்புச் சத்தம் தேய்ந்து மறைந்தது. சபூரா மகளைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். ஆனால் கையை நீட்டி மகளின் முக்காட்டைச் சரிசெய்தாள். கிடாய்க்கறி வாசம் முற்றத்திலிருந்து தாராளமாக உள்ளே வந்தது.

நிக்காஹ் ஓதப் பள்ளியில் வைத்திருந்த மைக்கைச் சவுண்ட்காரர் நிறுத்தியிருக்கவில்லை. ஜன்னலில் கட்டிய ஸ்பீக்கரில் பள்ளியின் முணுமுணுப்பு அப்படியே கேட்டது. ஹஸரத் உட்காருவதும், தொண்டையைச் செருமுவதும் கேட்டன.

“மாப்புள்ள, பொண்ணு ஒரு கேள்வி கேட்டு அனுப்பியிருக்கா. அவ வேலைக்குப் போக ஒங்களுக்குச் சம்மதமா?”

“ஒஃப் கோர்ஸ், ஹஸரத். அக்சுவலி...”

“தமிழ்ல.”

“இல்ல, பேசிக்கலி, வீட்டில கொஞ்சம்...”

“மாப்புள்ள, அவ தமிழ்ல ஒரு சொல்லுத்தான் கேக்கிறா. இந்தச் சபைக்கு முன்னால சொல்லுங்க. போகலாமா, போகக்கூடாதா?”

ஸ்பீக்கர் கரகரத்தது. பள்ளியில் யாரோ மின்விசிறியை நிறுத்தினார்கள் போலும். அந்த இரைச்சலும் நின்றது. அறையிலிருந்த பெண்கள் அத்தனைபேரும் ஜன்னல் பக்கம் திரும்பினார்கள். கைருன்னிஸா மட்டும் எழுந்து, சவுண்டைக் குறைக்கும் திருகு எங்கே இருக்கிறது என்று ஸ்பீக்கரின் பின்பக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கைக்கு அது அகப்படுமுன், சிரிப்பு கழன்றுபோன ஒரு குரல் வந்தது. அவ்வளவு காலமும் அவர்கள் கேட்டிராத, முழுவதும் தமிழில் வந்த முபாரிஸின் குரல்.

“வேலைக்கு விடக்கூடாதெண்டு, பொண்ணு பார்க்கப் போகக்குள்ளயே உம்மா சொல்லிட்டா.”