ஏழாம் நம்பர் மலைக்கு மேலே

எட்டடி இறக்கை வாசல்படிக்குள் நுழையவில்லை. அதனால் இந்திரகுமார் அதை வரிசை வீடுகளான லயத்துக்கு வெளியே, இரண்டு ஸ்டூல்களுக்கு மேல் வைத்துத்தான் ஒட்டினான். ஓப்பநாயக்கவுக்கு மேலே உள்ள அந்தத் தேயிலைத் தோட்டத்தில் அவன் ஃபேக்டரி எலக்ட்ரீசியன். ரிமோட்டில் பறக்கிற விமானம் செய்வது அவனுடைய பைத்தியம். இதற்கு முன் செய்த மூன்றும் சின்னவை. மூன்றும் தேயிலைச் செடிக்குள் மூக்குக் குத்திப் போய்ச் சேர்ந்தன. பெரிதாகச் செய்தால் காற்றுக்குத் தள்ளாடாது என்று யாரோ யூடியூபில் சொன்னதைப் பிடித்துக்கொண்டு நாலாவதைத் தொடங்கியிருந்தான்.

உடம்பு முழுக்க ரெஜிபோம் என்கிற வெள்ளைத் தெர்மாகோல். சூடாக்கிய கம்பியால் வெட்டித் தேய்த்து, இறக்கைக்குள் அலுமினியக் குழாய் செருகி, மோட்டாரும் பாட்டரியும் பூட்டி முடிக்க நாலு மாதம் பிடித்தது. அதற்குப் பிறகுதான் பெரிய வேலையே. இறக்கையின் முன்விளிம்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி, இரண்டு பக்கமும் விரல் நுனி கொடுத்துத் தூக்கினால் விமானம் மட்டமாக நிற்க வேண்டும். தூக்கினான். வால் தொப்பென்று விழுந்தது. பாட்டரியை முன்னுக்குத் தள்ளினான். அப்படியும் விழுந்தது. டயர் கடையில் சக்கரத்துக்கு ஒட்டுகிற ஈயத்துண்டுகளை வாங்கி வந்து மூக்குக்குள் ஒவ்வொன்றாக வைத்தான். வால் ஏறியது, இப்போது இடது இறக்கை சாய்ந்தது.

"அந்தப் பக்கம் பசைய அள்ளி அப்பிட்டீங்க, அதான்" என்றாள் அவன் மனைவி விஜயகலா. கொழுந்து எடுத்துவிட்டு வந்த களைப்போடு பார்த்துக்கொண்டிருந்தவள், வலது இறக்கை நுனியில் ஒரு காசை வைத்தாள். விமானம் அசையாமல் நின்றது. இருவரும் சிரித்துவிட்டார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விளையாட்டு மைதானத்தில் அது எழும்பியபோது லயத்துச் சனம் முழுக்க வெளியே வந்தது. "நம்ம லயத்துல இருந்து ஏரோப்பிளேன் போகுதுடி!" என்று பக்கத்து வீட்டுச் சின்னம்மா கத்தினாள். அவள் புருஷனை இழந்தவள், தோட்டத்து வேலைப் பதிவில் பேர் நின்று நாலு வருஷம் ஆகிறது. தேயிலை செத்துக் காடாகிக் கிடந்த ஏழாம் நம்பர் மலையில் மரவள்ளி நட்டு அதில்தான் சீவிக்கிறாள். அங்கே இருபத்துமூன்று குடும்பங்களுக்கு அப்படித் துண்டு துண்டாகக் காணி இருந்தது. விஜயகலாவின் போஞ்சிப் பந்தலும் அதில் ஒன்று.

மறுநாள் தோட்டத்து மேனேஜரான தொரை ஆபீசுக்குக் கூப்பிட்டனுப்பினார். "இதில் கேமரா பூட்டலாமா, இந்திரகுமார்?" என்று சிங்களத்தில் கேட்டார். எந்த மலையில் எவ்வளவு செடி செத்திருக்கிறது என்று மேலிருந்து பார்க்க வேண்டுமாம். பதினாறு வருஷத்தில் தொரை அவனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டது அதுவே முதல் தடவை.

கேமராவை முன்னால் வைத்தால் மூக்கு கவிழ்ந்தது, பின்னால் வைத்தால் வால் தொங்கியது. எடை சமமாக நிற்கிற இடத்துக்கு நேர் கீழே வயிற்றைக் குடைந்து அதைப் பதித்தான். மூன்று ஞாயிறு பறக்கவிட்டான். படங்களைத் தொரையின் கம்ப்யூட்டரில் பார்த்தபோது, அவ்வளவு தெளிவாக வந்திருந்ததில் அவனுக்கு நெஞ்சு நிறைந்து போயிற்று.

"ஏழாம் நம்பரில் இந்தக் கட்டம் யாருடையது?" என்று கேட்டார் தொரை.

"அது சின்னம்மாவுடைய மரவள்ளி, சேர். பக்கத்தில் வேலுசாமியுடைய பாவக்காய்." திரையில் விரல் வைத்து ஒவ்வொன்றாகச் சொன்னான். மேலிருந்து பார்த்தும் தன்னால் அடையாளம் சொல்ல முடிகிறதே என்ற பெருமை. பக்கத்து மேசையில் கிளார்க் அந்தப் பேர்களை எழுதிக்கொண்டிருந்ததை அவன் கவனிக்கவில்லை.

இரண்டு வாரத்தில், காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பிரட்டுக்களத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். ஏழாம் நம்பரில் கறுவாப்பட்டைச் செடி நடப்போகிறார்கள். அனுமதியில்லாமல் பயிர் வைத்தவர்கள் மாதக் கடைசிக்குள் வெட்டி அகற்ற வேண்டும். கீழே பேர்கள். இருபத்திரண்டு.

அன்று பின்னேரம் சின்னம்மா வந்து நின்றாள். "தம்பி, அந்த மரவள்ளி என்னுதுன்னு தொரைக்கு யாரு சொன்னா?"

"தெரியலீங்க அக்கா" என்றான்.

அவள் அவன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போனாள். அடுப்படியிலிருந்து விஜயகலா வந்தாள்.

"எம்பேரு மட்டும் எப்புடிங்க அதுல இல்ல?"

"தொர விட்டுட்டாரு போல."

"ஏன் விட்டாரு? யாரு பேரு சொன்னது?"

"கேட்டாரு, சொன்னேன். இதுக்குத்தான்னு எனக்குத் தெரியாது கலா" என்றான் அவன்.

மறுநாள் காலை அவள் வேலைக்குப் போகவில்லை. கத்தியை எடுத்துக்கொண்டு ஏழாம் நம்பருக்கு ஏறி, காய்த்துத் தொங்கிய போஞ்சிக் கொடிகளை வேரோடு பிடுங்கிப் போட்டாள். பந்தல் கம்புகளையும் வெட்டிச் சாய்த்தாள். அவள் பேர் மட்டும் விடுபட்டதைப் பார்த்துப் பேச்சை நிறுத்தியிருந்த லயத்துச் சனம் அதற்குப் பிறகும் அவளோடு பேசவில்லை. 'நம்ம கண்ணுக்குக் காட்டத்தான் புடுங்குறா' என்று சொன்னார்கள்.

மாதக் கடைசியில் மண்ணைப் புரட்ட பெக்கோ இயந்திரம் வந்தது. இன்னும் கிழங்கு பிடிக்காத மரவள்ளியைச் சின்னம்மா விறகுக்காகக் கட்டிக்கொண்டு இறங்கினாள்.

பிறகொரு நாள் தொரை மறுபடியும் கூப்பிட்டார். இந்த முறை கீழ் டிவிசன். "முடியாது, சேர்" என்றான் இந்திரகுமார். வேலை போய்விடும், ஏசுவார், என்ன வந்தாலும் வரட்டும் என்று நெஞ்சைத் திடப்படுத்திக்கொண்டுதான் சொன்னான். தொரை ஏசவில்லை. "பரவாயில்லை" என்று சொல்லிவிட்டு ஃபைலைப் புரட்டினார். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து இறக்கையைக் கழற்றினான். வைக்க இடமில்லாததால் அதை இரண்டாக முறித்தான்.

அடுத்த கிழமை கொழும்பிலிருந்து ஒருவன் பெட்டியில் ட்ரோன் கொண்டுவந்தான். அது வண்டுபோல இரைந்துகொண்டு லயத்துக்கு மேலாகக் கீழ் டிவிசன் பக்கம் போனபோது, மலைத்தண்ணி விழுகிற பீலியடியில் குடத்தோடு நின்ற பொம்பளைகள் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு எல்லாரும் ஒன்றாக இந்திரகுமாரின் வாசலைப் பார்த்தார்கள்.

அவன் இறங்கி வந்தான். "அது என்னுது இல்லீங்க. நா முடியாதுன்னு சொல்லிட்டேன்."

சின்னம்மா நிறைந்த குடத்தைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நடந்தாள். அடுத்தவள் தன் குடத்தைப் பீலியில் வைத்தாள்.