சிவப்புக் கொக்கி

"அங்க கை வைக்காதீங்கப்பா, அது ஃபைபர்! அமுங்கிடும்!"

சங்கத் தலைவர் கத்தியதும், காரைத் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் சுடுசட்டியைத் தொட்டவர்கள்போலக் கையை எடுத்துக்கொண்டார்கள். அதுவரை ஒரு சாண் மேலேறியிருந்த கார், அந்தச் சாணையும் திருப்பிக் கொடுத்துவிட்டு, பின்சக்கரத்துக்கு அண்டை கொடுத்திருந்த கல்லில் போய் உட்கார்ந்தது. மூக்கு தெருவில், வால் வீட்டுக்குள், இடுப்பு கேட்டின் இரண்டு தூண்களுக்கு நடுவில்.

அவள் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால், கூடத்தில், அவள் கணவர் பெட்டிக்குள் படுத்திருந்தார். தெருவில் அமரர் ஊர்தி நின்றது. இரண்டுக்கும் நடுவில் அவருடைய கார்.

"பெட்டியைச் சுவருக்கு மேல தூக்கிக் கொடுத்துரலாமே?" என்றார் சங்கத்துக்காரர் ஒருவர்.

கணவரின் அண்ணன் நாற்காலியில் இருந்தபடியே திரும்பினார். "காலையில அப்படித்தான் வந்துச்சு. அப்ப வெறும் பெட்டி. இப்ப உள்ள ஆள் இருக்கான். சுவரு மேல ஏத்தி இறக்க என் தம்பி என்ன சிமெண்ட் மூட்டையா?"

மின்மயானத்தில் நான்கு மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். தவறினால் மறுநாள்தான்.

தெரு மேட்டில், வீடு பள்ளத்தில். நேற்று சாயங்காலம் சங்கத்தின் ஆண்டு விழா ஊர்வலத்துக்கு அவர் காரை வெளியே எடுத்தார். ஏற்றத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. சாவியைத் திருகும் சத்தம் அவளுக்குச் சமையலறைவரை கேட்டது. முக்கியது, முனகியது, மறுபடி முக்கியது. அப்புறம் கேட்கவில்லை. கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், தானே இறங்கி வரட்டும் என்று அவள் பாத்திரம் தேய்த்தாள். டீ எடுத்துக்கொண்டு போனபோது அவர் ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்தபடி இருந்தார். எதிர்வீட்டு டாக்டர் வந்து நாடி பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

"அண்ணன் ஓட்டிக்கிட்டே போயிட்டார். வீரன் சாவு!" என்று காலையிலிருந்து வந்தவர்களிடமெல்லாம் தலைவர் சொல்லிக்கொண்டிருந்தார். வண்டி நகரவே இல்லை என்பதை யாரும் அவருக்கு நினைவூட்டவில்லை.

சங்கத்தின் பெயர் 'அபூர்வ விளையாட்டுக் கார் உரிமையாளர் சங்கம்'. அபூர்வமான கார் ஒன்றுகூட அதில் கிடையாது. எங்கோ சீமான்கள் ஓட்டும் கார்களின் படத்தைப் பார்த்து, கைக்குக் கிடைத்த வண்டியின் எலும்புக்கூட்டின்மேல் ஃபைபர் தோலைப் போர்த்தியவர்கள்தான் எல்லாரும். ஆனால் ஒருவர் காரைப் பார்த்து இன்னொருவர் 'அசல்' என்று சொல்லிக்கொள்வது சங்க மரபு. வெள்ளைக் கோட்டு சங்கச் சீருடை. துக்கத்துக்கும் அதையே போட்டுக்கொண்டு வந்திருந்தார்கள்.

காரை இழுக்க அழைத்திருந்த ரெக்கவரி வண்டி வந்தது. அதன் ஓட்டுநர் சட்டைப் பொத்தானைப் போடாமல் இறங்கி, காரின் முகத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"எதுலங்க மாட்டுறது? நான் இன்னொரு இடத்துக்கும் போகணும்."

"எதுல மாட்டுறதா?" தலைவரின் மார்பு விரிந்தது. "இதோ பாருங்க. இழுவைக் கொக்கி! சங்கத்துக்கே இதைக் கொண்டுவந்தவர் அண்ணன்தான். கொக்கி இல்லாத காரும் தூக்க நாலு பேர் இல்லாத மனுஷனும் ஒண்ணுன்னு மேடையில பேசினார். அன்னைக்கே தீர்மானம் போட்டோம். யானையைக் கட்டி இழுங்க, தாங்கும்!"

காரின் உதட்டோரம் ரத்தச் சிவப்பில் ஒரு கொக்கி நீட்டிக்கொண்டிருந்தது.

அவள் படியிலிருந்து இறங்கினாள்.

அந்தக் கொக்கியை அவர் பொருத்தியபோது டார்ச் பிடித்தவள் அவள். ஸ்டிக்கர் கடையில் வாங்கியது. ஃபைபரில் இரண்டு திருகாணி, சுற்றிலும் பசை. பின்னால் ஒன்றும் கிடையாது, காற்றுதான்.

"இதுல கயிறு கட்டினா தாங்குமா?" என்று அவள் அன்றே கேட்டாள்.

"யாரு கட்டப்போறா? இருக்கிறது தெரிஞ்சாப் போதும். அடுத்த மாசம் நிஜமா இரும்புத்தகடு வச்சுப் பத்தவச்சிடுவேன்."

அடுத்த மாதம் அவர் மேடையில் பேசினார். கைதட்டல் விழுந்தது. வீட்டுக்கு வந்து கொக்கியைத் துணியால் துடைத்த விதத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது, தகடு இனி வராது என்று. அவரே நம்ப ஆரம்பித்துவிட்டார்.

ஓட்டுநர் சங்கிலியை இழுத்துக்கொண்டு வந்தார். இரும்பு தார்ச்சாலையில் உரசிய சத்தத்தில் அவளுக்குப் பல் கூசியது. மாட்டி இழுத்தால் கொக்கி மட்டும் வராது. உதடு வரும், மூக்கு வரும், மொத்த முகமும் பெயர்ந்து சங்கிலியோடு தெருவில் போகும். வெள்ளைக் கோட்டுகள் பார்த்துக்கொண்டிருக்கும். நாளையிலிருந்து அவர் வீரன் அல்ல. நாலு பேர் டீ குடிக்கிற இடத்தில் ஒரு சிரிப்பு.

காருக்கும் தூணுக்கும் இடையில் ஒருக்களித்து நுழைந்து தெருவுக்கு வந்தாள்.

"அதுல மாட்டாதீங்க."

எல்லாரும் திரும்பினார்கள். அவளுடைய குரல் அவளுக்கே உரக்கக் கேட்டது.

"ஏன் அண்ணி?" என்றார் தலைவர்.

உண்மை நாக்கு நுனியில் நின்றது. சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. கூடத்தைத் திரும்பிப் பார்த்தாள். இங்கிருந்து பெட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது.

"பெயிண்ட் காயல," என்றாள்.

"என்னது?"

"நேத்துக் காலையிலதான் அடிச்சார். விழாவுக்காக. இன்னும் காயல."

தொட்டுக்காட்டக் கொக்கியருகே போயிருந்த தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. தன் வெள்ளைக் கோட்டின் கைவிளிம்பைப் பார்த்தார். ஓர் அடி பின்வாங்கினார். ஆனாலும் தலைவர் அல்லவா?

"பெயிண்ட் என்ன பெரிய பெயிண்ட், அண்ணி! அண்ணனோட கடைசிப் பயணத்துக்கு அண்ணனோட கொக்கிதான் வழிவிடணும். நானே மறுபடி அடிச்சுத் தரேன். நீங்க மாட்டுங்க சார்!"

ஓட்டுநர் குந்தி உட்கார்ந்தார். கட்டைவிரலைக் கொக்கியின்மேல் வைத்து அழுத்தினார். விரலைத் திருப்பிப் பார்த்தார். வெயிலில் அது சுத்தமாக இருந்தது. பிறகு கொக்கியைப் பிடித்து மெல்ல அசைத்தார். கொக்கியோடு காரின் உதடும் அசைந்தது. இரண்டாவது முறை அசைக்கவில்லை. நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் கண்ணை எடுக்கவில்லை. கேட்கவும் இல்லை.

அவர் கட்டைவிரலைக் கால்சட்டையில் அழுத்தித் துடைத்தார்.

"ஆமாங்க. ஈரமாத்தான் இருக்கு," என்றார். "சங்கிலி பட்டா வழுக்கும். நான் பொறுப்பில்ல."

"அப்படியா?" தலைவர் கைக்குட்டையை எடுத்து, எதையும் தொடாத தன் விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டார். "சங்கத்துல அடுத்த தீர்மானம் பெயிண்ட் பத்திப் போட்டுருவோம்."

கணவரின் அண்ணன் கேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். "நல்ல பெயிண்டா வாங்கியிருக்கான்," என்றார். அவள் அவர் பக்கம் திரும்பவில்லை.

"சரிம்மா, அப்ப எதுல கட்ட?" ஓட்டுநரின் குரல் தணிந்திருந்தது. "எதுலயாவது கட்டியாகணுமே."

அவளும் குந்தினாள். காதோடு காதாகச் சொன்னாள்: "அடியில கையை விடுங்க. நடுவுல இல்ல, இடது ஓரம். வேனோட கொக்கி இருக்கும்."

"எந்த வேன்?"

"எங்க சலவைக்கடை வேன். அதோட சட்டத்துமேலதான் இது நிக்குது."

சங்கத்தில் அவர் சொல்லியிருந்தது வேறு. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த அடிச்சட்டம். கப்பலின் பெயர்கூடச் சொல்லியிருந்தார்.

ஓட்டுநர் மல்லாந்து படுத்துக் கையை உள்ளே விட்டார். அவள் குனிந்து பார்த்தாள். வேன் சட்டத்தின்மேல் ஃபைபர் உடம்பை ஏற்றியபோது கணவர் அந்தக் கொக்கியை அறுத்து எறிந்திருக்கலாம். அழகைக் கெடுக்கிறது என்று எதைத்தான் அறுக்கவில்லை அவர்? கடை தொடங்கிய புதிதில், மழையில், ஓட்டல் விரிப்புகளோடு வேன் சேற்றில் புதைந்தது. லாரிக்காரர் அந்தக் கொக்கியில்தான் கயிறு கட்டி இழுத்தார். வேன் சட்டென்று வெளியே வந்த வேகத்தில், பின்னால் தள்ளிக்கொண்டிருந்த அவளும் அவரும் முகம் குப்புற விழுந்தார்கள். எழுந்து ஒருவரையொருவர் பார்த்தார்கள். அவருக்குச் சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. அப்போது அவரைப் பார்க்க யாரும் இல்லை.

காருக்கடியிலிருந்து இரும்பும் இரும்பும் கவ்வும் சத்தம் வந்தது.

"இருக்கும்மா," என்றார் ஓட்டுநர். "துருதான். ஆனா கெட்டியா இருக்கு." எழுந்து முழங்கையைத் தட்டிக்கொண்டார். "உள்ள ஒருத்தர் உட்காரணும். மேட்டுல ஏறினதும் பிரேக் பிடிக்கலேன்னா நேரா என் வண்டி முதுகுல வந்து மோதும்."

"நான் உட்கார்றேன்," என்று தலைவர் முன்வந்தார். "அண்ணன் இடத்துல உட்கார எனக்குத்தான்..." இறக்கைபோல மேலே திறக்கும் கதவுக்குள் ஒரு காலை வைத்தார். தலையை நுழைத்தார். வயிறு ஸ்டியரிங்கிடம் அனுமதி கேட்டது, கிடைக்கவில்லை. இரண்டு பேர் கையைப் பிடித்து இழுத்து அவரை வெளியே எடுத்தார்கள். கோட்டின் ஒரு பொத்தான் உள்ளேயே தங்கிவிட்டது.

மற்ற வெள்ளைக் கோட்டுகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. அவள் கணவரின் உயிர் போன இருக்கை அது. ஒருவருக்கு இடுப்புவலி நினைவுக்கு வந்தது.

"நான் உட்கார்றேன்," என்றாள் அவள்.

"உனக்கு ஓட்டத் தெரியுமாம்மா?" என்றார் கணவரின் அண்ணன்.

"வேன் ஓட்டியிருக்கேன்."

கதவைக் கீழே இழுத்து மூடினாள். வெளியே கேட்ட சத்தம் அடங்கியது. இந்தக் காரின் இந்தப் பக்கத்தில் அவள் உட்கார்ந்ததில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தாள். கண்ணாடிக்கு அப்பால் சங்கிலி தரையிலிருந்து மெல்ல எழுந்து விறைத்தது.

"பிரேக்கை மிதிச்சுக் காட்டுங்கம்மா!" என்று ஓட்டுநர் கத்தினார்.

காலை நீட்டினாள். எட்டவில்லை. நீளக்கால்காரர் தன் அளவுக்கு இருக்கையைக் கடைசிவரை பின்னால் தள்ளி வைத்திருந்தார். முன்னால் நகர்த்தும் பிடி தொடைக்கு அடியில்தான் இருந்தது. அவள் கை அதுவரை போயிற்று, திரும்பி வந்துவிட்டது.

முதுகை இருக்கையிலிருந்து எடுத்தாள். விளிம்புக்கு நகர்ந்து, ஸ்டியரிங்கில் மார்பு முட்ட முன்னால் சாய்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால் நுனியால் பிரேக்கை மிதித்தாள்.

"சரியா இருக்கா?" என்று வெளியே கேட்டார்கள்.

அவள் தலையை ஆட்டினாள். கார் மேலே ஏறத் தொடங்கியது.