இந்த மாதம் யார் வீட்டில்

சாவி உள்ளே போனது, திரும்பத்தான் மாட்டேன் என்றது. மீட்டர்க்காரர் அதை வெளியே எடுத்துச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி போட்டார். இடப்பக்கம் திருப்பினார், வலப்பக்கம் திருப்பினார். மகன் வீட்டுக் கதவு ஊமைச்சாமி மாதிரி நின்றது.

தளம் மாறி ஏறிவிட்டோமோ என்று ஒரு மாடி கீழே இறங்கிப் பார்த்தார். அங்கேயும் அதே பச்சைக் கதவு. மேலே ஏறிப் பார்த்தார். அங்கேயும் பச்சை. கட்டியவனுக்குப் பச்சைப் பெயிண்ட் எங்கோ சும்மா கிடைத்திருக்க வேண்டும். போன மச்சான் திரும்பி வந்தான் கதையாக, துணிப்பையோடு முதல் கதவுக்கே வந்து சேர்ந்தார்.

வேலையில் இருந்த காலமெல்லாம் வீடு வீடாகப் போய்க் கரண்டு மீட்டர் பார்த்து எழுதிய மனிதர். ஓய்வு பெற்ற பிறகும் தெரிந்தவர்களுக்கு அவர் மீட்டர்க்காரர்தான். ஒரு நாளும் வீடு மாறிப் போனதில்லை. அப்படிப்பட்டவருக்குப் பெற்ற பிள்ளையின் வீடு தெரியவில்லை என்றால் யாரிடம் போய்ச் சொல்வது?

மனைவி போன பிறகு வாடகை வீட்டைக் காலி செய்தார்கள். பிள்ளைகள் கூடிப் பேசி, ஒரு மாதம் மகள் வீடு, ஒரு மாதம் மகன் வீடு என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து அவருக்கு ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால். எது ஆறு, எது சேறு என்று அவர் வெளியே சொன்னதில்லை.

பையில் போன் இருந்தது. மகனைக் கூப்பிட்டுக் கேட்டால் தீர்ந்தது. ஆனால் கேட்கத்தான் பயம். மகள் வீட்டில் ஒரு தடவை சர்க்கரை டப்பாவை ஃப்ரிட்ஜுக்குள் வைத்துவிட்டார். அதிலிருந்து அவள், "அப்பாவுக்கு இப்பல்லாம் எதுவும் நினைவுல நிக்கிறதில்ல" என்று தம்பியிடம் சொல்ல ஆரம்பித்தாள். மருமகள் உடனே ஓர் இடம் விசாரித்து வைத்தாள். வயதானவர்களுக்கென்றே இருக்கிறதாம், தோட்டமெல்லாம் உண்டாம். தோட்டம் பார்க்க ஆசைப்பட்ட வயதில் அவரை யாரும் கூட்டிப்போனதில்லை. 'உன் வீடு எதுப்பா?' என்று இப்போது கேட்டால், நாளைக்கே தோட்டம்தான்.

அதனால் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். கீழே மாடிப்படிக்கு அடியில் மீட்டர் பலகை இருந்தது. மகன் வீட்டு மீட்டருக்கு மூலையில் கண்ணாடி கீறியிருக்கும். வீட்டு எண் அழிந்து போயிருந்ததால் போன தடவை அவரே பேனாவால் எழுதி வைத்திருந்தார். இரண்டும் இருந்தன, அவர் கையெழுத்து சாய்ந்து சாய்ந்து அப்படியே இருந்தது. மேலே வந்து கதவு எண்ணைப் பார்த்தார். அதே எண்தான். மூச்சு வாங்கியது, ஆனாலும் தைரியம் வந்தது. மணியை அழுத்தினார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவர் இதுவரை பார்த்திராத முகம்.

"யாருங்க வேணும்?"

"நீங்க யாரும்மா?" என்றார் அவர்.

அடுத்தவர் வாசலில் நின்றுகொண்டு இப்படிக் கேட்டால் யாருக்கும் கோபம் வரும். அவளுக்கு வரவில்லை, கொஞ்சம் குழம்பினாள், அவ்வளவுதான். அவருக்கோ கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டது போல இருந்தது. அவள் தோளைத் தாண்டி உள்ளே பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் கோணலாக ஓர் ஆணி. சட்டை மாட்ட அவரே அடித்து, சுவர் பெயர்ந்து, மருமகளிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட ஆணி. அதில் ஏதோ ஒரு குழந்தையின் புத்தகப் பை தொங்கியது.

அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நமக்கு ஒன்றும் ஆகவில்லை, மூளை சரியாகத்தான் இருக்கிறது! வாய்விட்டே சிரித்துவிட்டார்.

"முன்னாடி இருந்தவங்களத் தேடி வந்தீங்களா?" என்றாள் அவள். "அவங்க காலி பண்ணிட்டாங்களேங்க. நாங்க போன வாரம்தான் வந்தோம். பூட்டு கூட மாத்திட்டோம். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"

"அப்பா."

அவள் முகம் மாறியது. "அப்பாவா? உங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாமயா போனாங்க?"

"சொல்லாம இருப்பானாம்மா? சொல்லியிருப்பான். எனக்குத்தான் இப்பல்லாம் எதுவும் நினைவுல நிக்கிறதில்ல."

எந்தப் பேருக்குப் பயந்து மாடி மாடியாக ஏறி இறங்கினாரோ, அந்தப் பேரைத் தானே எடுத்து மாட்டிக்கொண்டார். மகன் மானம் காப்பாற்றப்பட்டதில் அவருக்குக் கொஞ்சம் திருப்திகூட.

அவள் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டாள், தண்ணீரும் கொடுத்தாள். "வீட்டுக்காரர் இல்ல, அதான் உள்ள கூப்பிட முடியல. உக்காந்து போன் பண்ணுங்கய்யா." கதவைப் பாதி சாத்திவிட்டு உள்ளே போனாள்.

மகனைக் கூப்பிட்டார்.

"அப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன். நாங்க வீடு மாறிட்டோம்பா. வாடகைய ஏத்திட்டான், கட்டுப்படியாகல. அக்காகிட்ட உங்களுக்குச் சொல்லச் சொன்னேனே, சொல்லலையா?"

"ம்."

"இங்க ஒரே ரூம்தான்பா. பிள்ளைங்களே கீழதான் படுக்குதுங்க. இந்த மாசம் மட்டும் அக்கா வீட்லயே இருந்துக்கறீங்களா? கோச்சுக்காதீங்கப்பா. இப்ப எங்க இருக்கீங்க, அங்கதானே?"

மகன் குரலில் திமிர் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. திமிராகப் பேசியிருந்தால் நாலு கேள்வி கேட்டிருப்பார்.

"அங்கதான்பா" என்றார்.

அந்த வார்த்தை எப்படி வந்தது என்று யோசிப்பதற்குள் மகன் போனை வைத்துவிட்டான். சரி, மகள் வீட்டுக்கே திரும்பலாம் என்று அவளைக் கூப்பிட்டார். பின்னால் யாரோ கட்டிலை இழுக்கும் சத்தம் கேட்டது.

"போய்ச் சேந்துட்டீங்களாப்பா? நல்ல வேளை, நீங்க இன்னைக்கே கிளம்புனீங்க. மாமாவும் அத்தையும் இப்பதான் வந்து எறங்குனாங்க. மாமாவுக்குக் கண் ஆபரேஷன், ரெண்டு மூணு மாசம் இங்கதான். உங்க கட்டில அவங்களுக்குப் போட்டுட்டேன். தம்பி வீட்ல எல்லாம் சௌகரியமா இருக்கா?"

"தம்பி வீடு மாறினது..."

"ஐயோ, சொல்ல மறந்துட்டேன் பாருங்க. அதான் போயிட்டீங்களே. வீடு எப்படி, பெருசா?"

மீட்டர்க்காரர் பச்சைக் கதவைப் பார்த்தார்.

"நல்லா இருக்கும்மா. காத்து வருது."

"அப்பாடா. சரிப்பா, வச்சிடறேன், அத்தை கூப்பிடறாங்க."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது அவர் ஒருவர்தான், அதையும் இரண்டு பேரும் கைநீட்டி வாங்கிக்கொண்டார்கள். இப்போது கணக்குப்படி அவர் இரண்டு வீட்டிலும் இருக்கிறார். யார் மேல் கோபப்படுவது என்று தேடிப் பார்த்தார். மகன் வாடகையைச் சொன்னான், மகள் மாமனாரின் கண்ணைச் சொன்னாள். எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. இத்தனை நியாயத்துக்கு நடுவில் தனக்குப் படுக்க இடம் மட்டும் எப்படிக் காணாமல் போனது என்பது அவருக்குப் புரியவில்லை. மீதித் தண்ணீரைக் குடித்தார்.

கதவு திறந்தது. அந்தப் பெண் தம்ளரை வாங்க வந்தாள்.

"பேசிட்டீங்களாய்யா? யார் வர்றாங்க?"

"மகன், மகள் ரெண்டு பேருமே வர்றேங்கறாங்க. என் வீட்டுக்குத்தான் வரணும்னு ஒரே சண்டை."

"கொடுத்து வச்சவர்யா நீங்க" என்றாள். உண்மையாகவே சொன்னாள். "அவங்க வர்ற வரைக்கும் உக்காந்திருங்க. வந்ததும் நாற்காலிய உள்ள எடுத்துக்கறேன்."

அவர் தலையாட்டினார். கதவு சாத்திக்கொண்டது. வரப்போகிறவர் யாரும் இல்லை என்பதால், எப்போது எழுந்திருப்பது என்றுதான் அவருக்குத் தெரியவில்லை.