ரெண்டு தட்டினால் போதும்

மூன்று ஆணிகளைப் பல்லில் கடித்தபடி, பிளாஸ்டிக் ஷீட்டின் விளிம்பை இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் ஜன்னலைப் பார்த்தாள். வளைத்து நட்ட பழைய தண்ணீர்க் குழாய்களுக்கு அந்தப் பக்கம் நாத்தனார் நின்று, ஷீட் நழுவாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். உள்ளே புகுந்த காற்றில் ஷீட் உப்பி உப்பி அடங்கியது.

ஜன்னலுக்குப் பின்னால் கட்டிலில் புருஷன். முப்பது வருஷம் அடுத்தவர் வீட்டுக் குழாயை மாட்டிக் கழற்றியவர். நுரையீரல் கெட்டு ஐந்து மாதமாகப் படுக்கை. படுப்பதற்கு முன் அவர் வளைத்து வைத்த குழாய்கள்தான் இந்தப் பசுமைக்குடில். எதிர்வீட்டுக்காரன் அதற்குத் தக்காளி மாளிகை என்று பேர் வைத்திருந்தான். கட்டிலோரம் டப்பாக்களில் வளர்ந்த அறுபது நாற்றுகளையும் நேற்றுதான் அதற்குள் நட்டார்கள். ராத்திரி உறைபனி விழும் என்று ரேடியோவில் சொல்லிவிட்டார்கள். இன்றைக்கு மூடாவிட்டால் விடிவதற்குள் அத்தனையும் கருகிவிடும்.

காலையில் அதற்கும் ஒரு சண்டை. ரொம்ப இழுக்காதே, குளிரில் ஷீட் சுருங்கும், ஆணியடித்த இடத்தில் கிழியும் என்று நாலாவது தடவையாகச் சொன்னார்.

"படுத்த இடத்துலேர்ந்தே மேஸ்திரி வேலையா? வாயால கட்டுறதுன்னா நானும்தான் மாடி வீடு கட்டுவேன்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்து, அது இருமலாகி, ரொம்ப நேரம் கழித்து ஓய்ந்தது. கஞ்சிக் கிண்ணத்திலிருந்து ஸ்பூனை எடுத்து ஜன்னல் கண்ணாடியில் தட்டிக் காட்டினார். ஒரு தட்டு என்றால் இழு. ரெண்டு தட்டு என்றால் போதும்.

"உன்கிட்ட மூச்சைச் செலவு பண்ண என்னால ஆகாதுடி."

முதல் பக்கம் அப்படியே முடிந்தது. இரண்டாவது பக்கத்துக்குத்தான் ஒரு சத்தத்தையும் காணோம். வெயில் பட்டுக் கண்ணாடியில் வானம்தான் தெரிந்தது. கூப்பிட்டுப் பார்த்தாள். பதில் இல்லை.

கோபமாக இருக்கும் என்றாள் அவள். சின்ன வயசிலிருந்தே அண்ணன் அப்படித்தான், முகத்தைத் திருப்பிக்கொண்டால் சாயங்காலம் வரைக்கும் திரும்பாது என்றாள் நாத்தனார்.

அப்போது ஒரு சத்தம் கேட்டது. ஒன்றே ஒன்று.

"இன்னும் இழுக்கச் சொல்றாரு" என்று அவள் காலை ஊன்றி இழுத்தாள். ரெண்டு தட்டுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. காற்று வலுத்துக்கொண்டு வந்தது. கையை விட்டால் மொத்த ஷீட்டும் தெருவுக்குப் போய்விடும். அடித்துவிட்டுப் போய்த் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று, தரையோரம் பதித்த கட்டையோடு விளிம்பைச் சேர்த்து மரச்சட்டத்தை வைத்து, ஷீட் தோல் மாதிரி விறைத்து நிற்கப் பதினோரு ஆணி அடித்து முடித்தாள். பிறகுதான் உள்ளே போனாள்.

ஸ்பூன் சிமென்ட் தரையில் கிடந்தது. அவர் கை கட்டிலுக்கு வெளியே தொங்கியது. தான் கேட்டது கண்ணாடிச் சத்தம் இல்லை என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

வீடு நிறைய ஆட்கள் வந்தார்கள். எழுதிக்கொள்ள வந்த ஆஸ்பத்திரிக்காரர் உயிர் போன நேரம் கேட்டார். அவரைப் பின்னால் தள்ளிவிட்டுப் புருஷனின் அண்ணன் முன்னால் வந்து, தம்பி கடைசியாக என்ன கேட்டான், பக்கத்தில் யார் இருந்தது என்று கேட்டார். அவள் வாயைத் திறந்தாள்.

"அண்ணிதான் இருந்தாங்க" என்றாள் நாத்தனார். "கையைப் பிடிச்சுக்கிட்டே இருந்தாங்க."

சொன்னவள் அவள் பக்கம் திரும்பவே இல்லை. அவள் தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். ஷீட்டின் விளிம்பு அறுத்த சிவப்புக் கோடு இரண்டிலும் இருந்தது. கையை மூடிக்கொண்டாள்.

அன்று ராத்திரி பனி விழுந்தது. குடிலை யாரும் நினைக்கவில்லை.

மறுநாள் அவரை எடுத்துக்கொண்டு போன ஆட்கள் திரும்பி வந்து, குளித்து, ஒவ்வொருவராகக் கிளம்பிய பிறகு அவள் கொல்லைப்பக்கம் வந்தாள். இரண்டாவது பக்கத்தில் ஒவ்வொரு ஆணியடியிலும் ஷீட் கிழிந்திருந்தது. அந்த ஓரத்து வரிசை கறுத்துச் சாய்ந்து கிடந்தது. மற்ற வரிசைகள் நின்றன.

சுத்தியலின் பின்பக்கத்தால் ஆணிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். எப்போது வந்தாள் என்று தெரியவில்லை, நாத்தனார் பக்கத்தில் வந்து, கிழிந்த விளிம்பை உள்ளே மடித்து ஒரு முனையைப் பிடித்தாள். அவள் மறுமுனையைப் பிடித்து மெதுவாக இழுத்தாள்.

"போதுமா அண்ணி?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள். கண்ணாடியில் வானம் இருந்தது. ஷீட்டைப் பிடித்தபடியே இருவரும் நின்றார்கள்.