பச்சைக்கு ஓர் ஆட்டம் கூடுதல்

பெட்டியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவது என்றுதான் போனேன்.

ஏழு மாதமாக அது அலமாரியின் மேல் இருந்தது. வரைபடத்தில் ஊருக்கு ஊர் ரயில் பாதை போடும் போர்டு கேம். கல்யாணமான புதிதில் வாணி ஆன்லைனில் வாங்கியது. விதிகளை அவள்தான் படித்து எனக்குச் சொல்லித் தந்தாள். ஞாயிறுதோறும் ஆடுவோம். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும். கோத்தகிரிப் பக்கம் எங்கள் அரவேணுவில் டிசம்பர் தண்ணீரில் கை வைத்தவர்களுக்கு அது என்ன பந்தயம் என்று தெரியும்.

மார்ச்சில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. ஒன்பது நாள். அதன்பிறகு பெட்டியைத் திறக்கவில்லை. தனியாக ஆட முடியாது. தூக்கிப் போடவும் முடியவில்லை.

குன்னூரில் ஒரு பேக்கரி மாடியில் ஞாயிறு மதியம் சிலர் கூடி இந்த மாதிரி ஆட்டங்கள் ஆடுகிறார்கள் என்று ஆபீசில் ஒருவர் சொன்னார்.

அன்று நல்ல மழை. வந்திருந்தது இரண்டே பேர். அலீனா, பள்ளி ஆசிரியை, கூட்டத்தை நடத்துபவர். நாச்சிமுத்து, எமரால்டு கிராமத்தில் கேரட் பயிரிடுகிறவர்.

"குடுத்துட்டு உடனே கெளம்பறதாவது. ஒரு ஆட்டம் ஆடிட்டுப் போங்க சார்," என்றார் அலீனா.

"ஆமாங்க. ஆளில்லாம நான் ஒருத்தனே இவங்ககிட்ட அடி வாங்கிட்டிருக்கறேன்," என்றார் நாச்சிமுத்து.

உட்கார்ந்தேன். பெட்டியில் ஆளுக்கொரு நிறத்தில் குட்டி ரயில்கள்; அலீனா பச்சையை எடுத்துக்கொண்டார். பச்சை வாணியுடையது.

ஒரு மணி நேரம் ஆடினோம். கை அதுபாட்டுக்கு அட்டைகளை எடுத்தது, வைத்தது. என் கடைசி ரயிலையும் வைத்தேன். ஒருவருக்கு ரயில் தீர்ந்தால் ஆட்டம் முடிந்தது. நாச்சிமுத்து புள்ளிகளை எண்ணத் தொடங்கினார்.

"இருங்க," என்றேன். "மேடம் இன்னொரு தடவை ஆடணும்."

"நானா? எதுக்கு?"

"பச்சைக்கு ஒரு ஆட்டம் கூடுதல் இல்லையா?"

"அதென்னங்க பச்சைக்கு மட்டும்? ஊட்டு மாப்பிள்ளையா அது?" என்றார் நாச்சிமுத்து.

"ரூல் அப்படித்தான்."

அலீனா பெட்டியிலிருந்து விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "அப்படி எதுவும் இல்லைங்க சார். யார் சொன்னா?"

"என் மனைவி."

"அவுங்க என்ன கலருங்க ஆடுவாங்க?" என்று கேட்டார் நாச்சிமுத்து.

"பச்சை."

அவர் மேசையைத் தட்டிச் சிரித்தார். "நல்லா ஏமாத்தியிருக்காங்க போங்க! இன்னைக்கு ஊட்டுக்குப் போயி உண்டு இல்லைன்னு பண்ணிப்போடுங்க."

"சரிங்க," என்றேன்.

நான்கு புள்ளி வித்தியாசத்தில் நான் ஜெயித்திருந்தேன்.

படி இறங்கும்போது கோபம் வந்தது. இந்த ஏழு மாதத்தில் எனக்கு எதுவுமே வந்ததில்லை. நான்கு குளிர்காலம் கழுவியிருக்கிறேன். விரல் மரத்துப்போய் வந்து நின்றால், "நல்லா ஆடப் பழகுங்க," என்பாள். யாரிடம் போய்க் கேட்பது?

பாதிப் படியில் திரும்பி ஏறினேன்.

"பெட்டி இருக்கட்டும். புத்தகம் மட்டும் குடுங்க."

"ரூல்ஸ் இல்லாம எப்படி சார் ஆடறது?"

"போன்ல தேடினா கிடைக்கும்."

அலீனா என் முகத்தைப் பார்த்தார். கொடுத்துவிட்டார்.

"ஆதாரத்தோட போறாருங்க!" என்றார் நாச்சிமுத்து.

கோத்தகிரி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. முதல் பக்கத்திலிருந்து படித்தேன். ஆறாம் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. எந்த ஊருக்குப் பாதை போட வேண்டும் என்று சொல்லும் ஊர்ச்சீட்டை எடுத்தபின் திருப்பி வைக்கக் கூடாது. வாணிக்கு எட்டாத ஊர் வந்தால் சீட்டைக் கட்டின் அடியில் செருகிவிடுவாள். நான் முறைத்தால், "செய்யலாமுங்க. வேணும்னா படிச்சுப் பாருங்க," என்பாள்.

படிக்கவேயில்லை. அவள் சொன்னால் சரி என்று இருந்தேன்.

மொத்தம் பன்னிரண்டு பக்கம். ஆறோடு மூடி, நனையாமல் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டேன். மீதி அடுத்த ஞாயிறு. அதற்குள் முடித்துவிடக் கூடாது.

கோத்தகிரியில் பஸ் மாறி, அரவேணுவில் இறங்கி வீட்டுக்குள் போனபோது, காலையில் சாப்பிட்ட தட்டும் ஒரு டம்ளரும் தொட்டியில் கிடந்தன.

இன்று ஜெயித்தது நான். கழுவ வேண்டியதில்லை.

கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு குழாயைத் திறந்தேன்.