மில்லுக்குள் இருக்கிற சோணை

மடையை வெட்டிவிட்டு நிமிரும்போது மில் சங்கு ஊதியது. சோணை அண்ணாந்து பார்த்தான். பொழுது இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. சாப்பாட்டுச் சங்குக்கு நேரமாகவில்லை, ஷிப்டு மாறுகிற நேரமும் இல்லை. வழக்கமான சங்கென்றால் ஒரே இழுப்பாக இழுத்துவிட்டு ஓய்ந்துவிடும். இது நின்று, மூச்சு வாங்கி, திரும்பவும் ஊதியது. திரும்பவும் ஊதியது. பக்கத்து வயலில் களை பறித்துக்கொண்டிருந்த பெண்கள் கிழக்கே பார்த்தார்கள். "மில்லுல தீப்பிடிச்சிருச்சு போல" என்றாள் ஒருத்தி. சொல்லிவிட்டு வெற்றிலை எச்சிலைத் துப்பிக் குனிந்துகொண்டாள். அவள் வீட்டில் யாரும் மில்லுக்குப் போகவில்லை, கொடுத்துவைத்தவள்.

மில்லில் தீப்பிடிப்பது அதிசயமில்லை. பேல் பேலாக வந்திறங்குகிற பஞ்சுக்குள் ஒரு ஆணியோ கம்பித்துண்டோ கிடந்து, பஞ்சை அடித்து உதறுகிற மிஷினில் அது பட்டால் போதும், பொறி பறக்கும். வருஷத்துக்கு இரண்டு மூன்று தடவையாவது அந்த மிஷின் ஓடுகிற புளோ ரூமில் இது நடக்கும். அந்தப் புளோ ரூமில்தான் சோணைக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. மில்லைக் கேட்டால் இந்த நிமிஷமும் அவன் அங்கேதான் நின்றுகொண்டிருக்கிறான் என்று சொல்லும். அவனுடைய பித்தளை டோக்கன் காலையிலேயே வருகைப் பலகையில் ஏறிவிட்டது. டோக்கனை மாட்டிவிட்டு அவன் இடத்தில் நின்றுகொண்டிருப்பது அவன் தங்கச்சி புருஷன் மருது.

 சோணை மண்வெட்டியை அப்படியே போட்டுவிட்டு வரப்பில் ஓடினான். திறந்த மடையில் தண்ணீர் பாட்டுக்கு ஏறிக்கொண்டிருந்தது.

இந்த ஏற்பாடு ஒன்றும் அவன் கண்டுபிடித்ததில்லை. மதுரைக்கு மேற்கே பாதி வீடுகளில் அந்த மில்லை நம்பித்தான் உலை வைக்கிறார்கள். உள்ளே வேலை பார்க்கிறவர்கள் போக, நூல் சுற்றுகிற காகிதக் கோன் செய்யும் கொட்டகைகள், தேய்ந்த உருளைகளுக்கு ரப்பர் போட்டுக் கொடுக்கும் பட்டறைகள், சிம்மக்கல்லுக்கு நூல் மூட்டை ஏற்றிப்போகும் வண்டிக்காரர்கள், கேண்டீனுக்குப் பால் ஊற்றுகிறவர்கள், கேட்டு வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு வைத்துக்கொண்டு பெரிய அதிகாரி மாதிரி அதட்டுகிற ஒரு ஆள் என்று வெளியிலும் ஒரு மில் ஓடிக்கொண்டிருந்தது. மருது அப்படி ஒரு கோன் கொட்டகையில் இருந்தவன். கரண்ட் வெட்டு வந்து, வாரத்தில் பாதி நாள் மில்லே படுத்துக்கொண்டதில் கொட்டகைக்காரர் கதவைப் பூட்டிவிட்டார். வேலையில்லாத மாப்பிள்ளைகள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள்.

மில்லுக்காரன் என்று பேரே தவிர, சோணை மாதிரிப் பாதிப்பேருக்கு நாகமலைப் பக்கம் அரையேக்கர், ஒரு ஏக்கர் வயல் இருந்தது. வாய்க்காலில் தண்ணீர் முறை வைத்து வரும். முறை தவறினால் அடுத்த முறை வருவதற்குள் பயிர் கருகிவிடும். வாய்க்கால் ஷிப்டைப் பார்க்காது, மில் முறையைப் பார்க்காது. சோணைக்கு லீவு எல்லாம் தீர்ந்து, லேபர் ஆபீசர் ஜேசுராஜ் கூப்பிட்டு வைத்து மெமோவும் கொடுத்துவிட்டார். இன்னொரு நாள் வராமல் போனால் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அப்படிப்பட்ட நாளில் தம்பியையோ மச்சினனையோ தன் டோக்கனைக் கொடுத்து அனுப்புவது அங்கே எல்லோரும் செய்கிற காரியம். வாட்ச்மேன் டோக்கனைப் பார்ப்பார், முகத்தைப் பார்க்கமாட்டார். மேஸ்திரி கண்டும் காணாமலும் இருந்துகொள்வார். வேலை தொடங்கி அரைமணியில் பஞ்சுத்தூசி படிந்துவிட்டால் எல்லா முகமும் ஒரே முகம்தான்.

நேற்றைக்குச் சாயங்காலம் உட்கார்த்தி வைத்து மருதுவுக்கு எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தான். டோக்கனை எந்த ஆணியில் மாட்டுவது, பேல் கட்டை எப்படி வெட்டுவது, எந்த மூலையில் உட்கார்ந்து சாப்பிட்டால் சூப்பர்வைசர் கண்ணில் பட வேண்டியதில்லை என்று எல்லாவற்றையும். மருது பரீட்சைக்குப் போகிறவன் மாதிரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான். அவனுக்கு உள்ளூரச் சந்தோஷம். எப்படியாவது மில்லுக்குள் ஒரு நாள் நுழைந்துவிட்டால் பிறகு பிடித்துக்கொள்ளலாம் என்று ஒரு ஆசை. சோணைக்கும் அதே ஆசை இருந்தது.

சைக்கிளை மிதித்துக்கொண்டு ரயில்வே கேட்டுக்கு வந்தபோது கேட் மூடியிருந்தது. அங்கிருந்தே மில் புகைபோக்கிக்குப் பக்கத்தில் வேறொரு கறுப்புப் புகை தெரிந்தது. டீக்கடையில் ஆட்கள் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மில்லிலிருந்து வந்த வண்டிக்காரர் ஒருவர் நடுவில் நின்று சொல்லிக்கொண்டிருந்தார்.

"தீய அமத்திட்டாக. ஒரு ஆளுதான் மாட்டிக்கிருச்சு. ஜீப்புல போட்டு இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிட்டாக."

"யாருப்பா ஆளு?"

"சோணைன்னாக. மூஞ்சி, நெஞ்சு, கை எல்லாம் வெந்துபோச்சாம்."

சோணைக்குத் தன் பேர் காதில் விழுந்ததும் முதலில் வந்தது அழுகை இல்லை. நல்லவேளை, நான் அங்கே இல்லை என்றுதான் மனசு சொன்னது. சொன்ன மாத்திரத்தில் அவனுக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது. கேட் திறந்து எல்லோரும் போனார்கள். அவன் போகவில்லை. மில்லுக்குப் போய் என்னவென்று சொல்வது? சோணை காலையிலேயே உள்ளே போயாயிற்று, வெந்தும் போயாயிற்று. இனி இன்னொரு சோணை கேட்டு வாசலில் போய் நிற்க முடியாது. டீக்கடைக்காரர் தன்னைப் பார்ப்பதுபோல் இருந்தது. இடுப்புத் துண்டை அவிழ்த்துத் தலையையும் முகத்தையும் சேர்த்துச் சுற்றிக்கொண்டு, சைக்கிளைத் திருப்பினான். தெரிந்த முகங்கள் எதிரே வரும்போதெல்லாம் இறங்கிச் செயினைச் சரிசெய்வதுபோலக் குனிந்தான். பன்னிரண்டு வருஷமாக மார்தட்டி நடந்த ரோட்டில் திருடன் மாதிரி போக வேண்டியிருந்தது.

வீட்டுக்குப் பின்பக்கச் சந்தில் மேஸ்திரி நல்லகாமன் நின்றுகொண்டிருந்தார். சட்டையெல்லாம் கரி. அவனைக் கண்டதும் கையைப் பிடித்து இழுத்து விறகு அடுக்கியிருந்த மறைவுக்குள் தள்ளினார்.

"உன்னைய எவனும் பாக்கலையில்ல?"

"மாப்ளைக்கு என்னண்ணே?"

"உசிரு இருக்கு." அவர் மூச்சு வாங்கினார். "மிஷின்ல பொகை வந்துச்சு. நாங்க கத்துறதுக்குள்ள ஓடிப்போயி மிஷின் கதவத் தொறந்துட்டான்டா. அணைக்கப் போறேன்னு தொறந்துட்டான்."

சோணை தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். புளோ ரூமுக்கு வருகிற எவனுக்கும் முதல் நாள், முதல் பேச்சாகச் சொல்வது அதுதான். புகை வந்தால் கதவைத் தொடாதே, சுவிட்சை அமத்திவிட்டு ஓடு. திறந்தால் காற்று உள்ளே புகுந்து தீ மொத்தமும் மூஞ்சியில் பாயும். தலைமாட்டில் எழுதி வைத்ததுபோல அவனுக்குத் தெரிந்த விஷயம். தெரிந்ததினாலேயே சொல்லத் தோன்றவில்லை. சூப்பர்வைசர் கண்ணில் படாமல் சாப்பிடுவதற்கு மூலை காட்டிக்கொடுத்தவன், இதைச் சொல்லவில்லை.

"ஒப்பாரி வைக்க நேரமில்ல, கேளு" என்றார் மேஸ்திரி.  "உம் பொண்டாட்டி முருகம்மாவ ஜீப்புல கூட்டிட்டுப் போயிருக்காக. எம் புருசன்தான்னு சொல்லிட்டா. நான்தான் சொல்லச் சொன்னேன். மூஞ்சியெல்லாம் கட்டுப் போட்டிருக்கு, எவனுக்கும் அடையாளம் தெரியாது. அந்த ஆஸ்பத்திரியில சோணைக்குத்தான் கட்டிலு, சோணைக்குத்தான் மருந்து. மருதுங்கிற ஆளு மில்லுக்கு யாரு? விசயம் வெளிய வந்துச்சு, உனக்கும் வேலை போகும், எனக்கும் போகும், அவனுக்கும் வைத்தியம் போகும். நீ தேனி பஸ்ஸப் பிடிச்சு உங்க சித்தப்பன் வீட்டுக்குப் போயிரு. நான் சொல்லிவிடாம இந்தப் பக்கம் தலைகாட்டாத."

"குணமாயிருவான்ல?"

"ஆகிருவான்."

"ஆகலேன்னா?"

நல்லகாமன் துண்டால் கழுத்தைத் துடைத்தார். சந்தின் இரண்டு பக்கமும் பார்த்தார். "ஆகலேன்னா சோணைதான் செத்தான்" என்றார்.

தேனி ரோட்டில் பஸ் வந்து நின்றபோது சோணை ஏறினான். படியில் நின்றபடி உள்ளே பார்த்தான். தெரிந்த ஆள் யாரும் இல்லை. இப்படியே போய்விடலாம். சித்தப்பா கேட்டால் மில் லீவு என்று சொல்லலாம். பிறகு ஒருநாள் தபாலோ ஆளோ வரும், நீ செத்துவிட்டாய் என்று. முருகம்மாள் வளையலை உடைத்துக்கொண்டு நடுவீட்டில் உட்கார்ந்திருப்பாள், ஊர் சனம் சுற்றி உட்கார்ந்து அவன் பேரைச் சொல்லி அழும். மில்லில் ஒரு நாள் சம்பளம் வசூல் பண்ணி மாலை வாங்குவார்கள். அந்த மாலை மருதுவின் மேல் விழும். பிறகு சோணை எந்தப் பேரில் எந்த ஊரில் எத்தனை காலம் இருப்பது? கம்பியைக் கை மாற்றிப் பிடித்தான்.

"எங்கய்யா போகணும்?" என்றார் கண்டக்டர்.

அவன் படியிலேயே நின்றான்.

"ஏறுறியா எறங்குறியா, சொல்லு."

இறங்கிவிட்டான். பஸ் கிளப்பிய புழுதியில் கொஞ்ச நேரம் நின்றான். பிறகு ஆஸ்பத்திரிக்கு நடந்தான்.

ஆஸ்பத்திரி வராந்தாவில், வார்டு வாசலை ஒட்டி முருகம்மாள் உட்கார்ந்திருந்தாள். அடிபட்டவனின் சம்சாரம் என்பதால் அவளுக்கு அந்த இடம் கிடைத்திருந்தது. எதிர்ப் பெஞ்சில் லேபர் ஆபீசர் ஜேசுராஜ், அவளுக்காக வாங்கிவந்த காபியைக் கையில் வைத்துக்கொண்டு, குடிம்மா, குடிம்மா என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெமோ கொடுத்தவர்தான், ஆனாலும் ஈரமுள்ள மனுஷர். அவருக்குச் சோணை முகம் நன்றாகத் தெரியும். சோணையின் தங்கச்சி அன்னக்கொடி இவர்களை விட்டுத் தள்ளி, தூணோரம் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சோணை முற்றத்து வேப்பமரத்துக்குப் பின்னால் நின்று அவளையே பார்த்தான். அவளும் பார்த்துவிட்டாள். யாருக்கும் சந்தேகம் வராமல் தண்ணீர் குடிக்கப் போவதுபோல எழுந்து வந்தாள்.

"எதுக்குண்ணே வந்த?"

"நான் ஆபீசருகிட்டச் சொல்லிறப் போறேன் அன்னம். என்னால முடியல."

அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். சின்னப் பிள்ளையில்கூட அவ்வளவு அழுத்திப் பிடித்ததில்லை. "வாயத் தொறந்த, உன்னைய இங்கனயே கொன்னுபோட்டுருவேன். பாட்டிலு பாட்டிலா ஏத்திக்கிட்டு இருக்காக. உம் பேரு இருக்கவும்தான ஏத்துறாக? பிடுங்கி விட்டுட்டா நான் அந்தாளத் தூக்கிக்கிட்டு எங்க போவேன்?"

"நீ பாத்தியா அவன?"

"சம்சாரத்த மட்டும்தான் விடுவாகளாம். மதினிதான் பாத்துட்டு வந்துச்சு. நீ யாருன்னு கேட்டாக. தங்கச்சின்னேன்." அவள் முகம் கோணியது. அழவில்லை. அழுவதற்குக்கூட அவளுக்கு அளவு வைத்திருந்தார்கள், தங்கச்சி அழுகிற அளவுக்குத்தான் அழலாம். "ஒண்ணுகெடக்க ஒண்ணு ஆயிப்போச்சுன்னா மதினி தாலிய அறுக்கணும். நான் இதக் கழுத்துல போட்டுக்கிட்டுப் பக்கத்துல நின்னு பாக்கணும். எம் புருசன் எங்கன்னு கேட்டா ஓடிப்போயிட்டான்னு சொல்லணும். எல்லாம் சொல்றேன். நீ மட்டும் இப்பச் சொல்லாத. அவரு பொழைக்கட்டும்ண்ணே."

 சோணைக்குச் சொன்னாலும் பயம், சொல்லாவிட்டாலும் பயம். தங்கச்சியின் விரல்கள் பதிந்து மணிக்கட்டு வலித்தது. அந்த வலி ஒன்றுதான் அப்போது அவனுக்கு ஆறுதலாக இருந்தது.

அப்போது வார்டுக் கதவுத் திரையை விலக்கிக்கொண்டு நர்ஸ் வந்தாள். "சோணை சம்சாரம் யாரும்மா? சீக்கிரம் வாங்க. ஒருத்தர் மட்டும்."

முருகம்மாள் எழுந்தாள். ஒரு எட்டு வைத்தாள். அங்கேயே நின்றுவிட்டாள். திரும்பி, வேப்பமரத்தடியில் நின்ற அன்னக்கொடியைப் பார்த்தாள். அவள் பக்கத்தில் புருஷன் நிற்பதையும் பார்த்தாள். ஜேசுராஜ், போம்மா, கூப்பிடுறாங்கல்ல என்றார். முருகம்மாள் தலையை ஆட்டினாள்.

"நீ போ அன்னம்" என்றாள் சத்தமாக. "ஓடு."

அன்னக்கொடி அண்ணன் கையை விட்டாள். விட்டதுதான் தெரியும், முந்தானை தரையில் இழுபட ஓடினாள். "நீங்க தங்கச்சின்னுல்ல சொன்னீங்க?" என்று நர்ஸ் கையை நீட்டி மறித்தாள். அன்னக்கொடி அந்தக் கையைத் தள்ளிவிட்டு உள்ளே போய்விட்டாள். பச்சைத் திரை ஆடிக்கொண்டிருந்தது. வராந்தாவில் எல்லோரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். 

பிறகு கேட்டது அன்னக்கொடியின் குரல். "மருது" என்று கூப்பிட்டாள். தாலி கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவள் வாயால் சொல்லியிராத பேர். அந்தப் பக்கத்தில் எந்தப் பெண்ணும் புருஷன் பேரைச் சொல்வதில்லை. சோணை அவள் சொல்லிக் கேட்டதே இல்லை. "மருது, ஏ மருது, இங்க பாரு, நான்தான் வந்திருக்கேன். மருது!"

ஜேசுராஜ் திரையைப் பார்த்தார். சுவரில் சாய்ந்து முகத்தை மூடிக்கொண்ட முருகம்மாளைப் பார்த்தார். பிறகு சற்று முன் அவள் திரும்பிப் பார்த்த பக்கம் பார்த்தார். காபி டம்ளரைப் பெஞ்சில் வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, வேப்பமரத்தை நோக்கி மெதுவாகப் படியிறங்கினார்.  சோணையின் தலையில் சுற்றியிருந்த துண்டு எப்போது அவிழ்ந்து தோளில் விழுந்ததோ தெரியவில்லை. உள்ளே அவள் இன்னும் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்ளாமல் நின்றான்.